போத்தலில் இருப்பது என்ன?
இரசாயனவியல் வகுப்பும் எங்கள் வீடுகளும்

கடந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மண்ணெண்ணெய் குடித்துவிட்டான் என்ற செய்தி எனக்கு எட்டியது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த சம்பவம் அது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அப்பா மருந்து அடிக்கும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாயி மட்டுமே இருந்தார். அடுப்பு மூட்டுவதற்காகச் சோடாப் போத்தலொன்றில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயைப் பிள்ளை தண்ணீரென்று நினைத்துக் குடித்துவிட்டான்.

அப்பாயி தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பிள்ளையின் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்தார். அந்த நேரம் பாடசாலை விட்டு வந்த அக்கா உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். பிள்ளை வாந்தி எடுத்தான். பிறகு இருமல் தொடங்கியது, மூச்சு வாங்கியது. லொறியொன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் சளி கட்டி, ஒன்பது நாட்கள் அங்கே இருந்தான். கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டான்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது என்னிடம் அதிகம் பேசியவள் அந்த அக்காதான். கண்டி நகரிலுள்ள தமிழ்ப் பாடசாலையொன்றில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை. அந்தத் தோட்டத்திலிருந்து விஞ்ஞானப் பிரிவுக்குப் போன முதல் பெண்பிள்ளை அவள்தான். லயத்து வாசல்படியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், போன தவணை இரசாயனவியலுக்கு எனக்கு 78 மார்க்ஸ். அற்கேன்களைப் பத்தின கேள்விக்கு முழு மார்க்ஸ் கெடைச்சிச்சு. அந்த அற்கேன்தான் எங்க வீட்டு மண்ணெண்ணெய்னு எனக்குத் தோணவேயில்ல. வாந்தி எடுத்தா அது நெஞ்சுக்குள்ள போகும்னு ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னாரு. உப்புத் தண்ணி கலக்கிக் குடுத்தது நான்தான் மிஸ்."

அந்தப் பிள்ளையின் மேல் என்ன குற்றம் இருக்கிறது? அவளுக்குக் கற்பிக்கப்பட்டதை அவள் பிழையின்றிக் கற்றாள். படித்த படிப்புக்கும் வாழும் வீட்டுக்கும் இடையில் ஒரு பாலம் இருக்கவில்லை, அவ்வளவுதான். நான் சமூகவியல் படித்தவள்; இரசாயனவியலைச் சாதாரண தரத்தோடு விட்டவள். ஆனாலும் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்தப் பாலத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் அவளுடைய இரசாயனவியல் ஆசிரியையைச் சந்திக்கச் சென்றேன்.

பத்து நிமிடம்

முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறேன் என்றே ஆசிரியை முதலில் நினைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"பாடத்திட்டத்த முடிக்கவே எனக்குப் பாடவேளை காணாது. பரீட்சையில வராத ஒண்ணச் சொல்லிக் குடுத்தா பெற்றோர் வந்து கேப்பாங்க. மலையகத்துல விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகளே கொஞ்சம். இந்தப் பிள்ளைகளை எப்படியாவது பாஸ் பண்ண வைக்கணும்னுதான் நாங்க ஓடுறோம்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகம் போவது ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றும் காரியம். பரீட்சையை அலட்சியப்படுத்துங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே, ஒவ்வொரு பாட அலகின் முடிவிலும் பத்து நிமிடம் மட்டும் ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சரி, நீங்களும் வந்து பின்னால உக்காந்து பாருங்க" என்றார்.

அந்தப் பத்து நிமிடங்களுக்காக அவர் கரும்பலகையின் ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதி வைத்தார். இந்தப் பொருளை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள்? இதனால் யாருக்கு நன்மை? இது யாருடைய உடம்பில் படுகிறது? அவர்களிடம் யாராவது கேட்டார்களா?

முதல் நாள் மண்ணெண்ணெய்தான் பாடம். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஆசிரியை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கனிய எண்ணெயைப் பகுதிபடக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் ஐதரோகாபன்களின் கலவையே மண்ணெண்ணெய் என்பதை நினைவூட்டினார். அதன் பிசுக்குமை குறைவு, பரப்பிழுவிசையும் குறைவு. பரீட்சைக்கு ஒரு வரியில் எழுதும் இந்த இரண்டு இயல்புகளும்தான் உடம்புக்குள் ஆபத்தாக மாறுகின்றன. வாந்தி எடுக்கும்போது ஒரு சிறு துளி மூச்சுக் குழாய்க்குள் போனாலே அது நுரையீரலில் வேகமாகப் பரவிவிடும். வயிற்றுக்குள் இருந்ததைவிட நெஞ்சுக்குள் போனதே உயிருக்கு உலை வைக்கிறது. இதனால்தான் மண்ணெண்ணெய் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

வகுப்பிலிருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் மண்ணெண்ணெய் குடிபானப் போத்தலில் இருக்கிறது என்று ஆசிரியை கேட்டார். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. அந்தப் பிள்ளையும் கையை உயர்த்தினாள்.

ஹேபர் முறையும் ஒரு பெண்ணின் கதையும்

உயர்தர மாணவர் எல்லோரும் மனனம் செய்யும் பாடங்களில் ஒன்று ஹேபர் முறை. காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் உயர்ந்த அமுக்கத்திலும் சுமார் 450 பாகை வெப்பத்திலும், இரும்பை ஊக்கியாக வைத்து, சேரச் செய்தால் அமோனியா கிடைக்கும். அமோனியாவிலிருந்து யூரியா. யூரியாவில் 46 வீதம் நைதரசன். இவ்வளவும் கொப்பியில் இருக்கும்.

கொப்பியில் இல்லாததை ஆசிரியை சொன்னார். இந்த முறையைக் கண்டுபிடித்த ஜேர்மனியரான பிரிட்ஸ் ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலக மக்களில் கோடிக்கணக்கானோரின் சாப்பாடு இந்த அமோனியாவில் தங்கியிருக்கிறது. அதே ஹேபர்தான் முதலாவது உலக யுத்தத்தில் குளோரீன் வாயுவை ஆயுதமாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே அந்த வாயு எதிரிப் படையினர் மீது திறந்துவிடப்பட்டது. அவருடைய மனைவி கிளாரா இம்மர்வாரும் ஓர் இரசாயனவியலாளர். பிரெஸ்லவ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 1900. திருமணத்தின் பின் அவருக்குச் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய வழியில்லாமற் போனது. ஈப்பர் தாக்குதல் நடந்து பத்து நாட்களில் அவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். கணவரின் யுத்த வேலையை அவர் எதிர்த்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி, "அவங்க படிச்ச படிப்பெல்லாம் என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. "இந்தக் கேள்விய நீங்க எல்லாரும் கொப்பியில எழுதிக்கங்க" என்றார்.

பிறகு குளோரீனைப் பற்றிப் பேச்சு வந்தது. வெண்மையாக்கும் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் வெளிவருவதும் அதே குளோரீன்தான் என்று ஆசிரியை சமன்பாட்டை எழுதிக் காட்டினார். உடனே ஒரு பிள்ளை எழும்பினாள். "கொழும்பில வீட்டு வேலை செய்யிற எங்க அத்தை ரெண்டையும் ஒண்ணா ஊத்தித்தான் கழுவுறாங்க டீச்சர். கண்ணு எரியும், இருமல் வரும்னு சொல்லுவாங்க. நல்லா வேலை செய்யுதுன்னு நெனைச்சிக்கிட்டு இருக்காங்க."

எங்கள் பெண்கள் எத்தனை பேர் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் கதவு மூடிய குளியலறைகளுக்குள் இந்த வேலையைச் செய்கிறார்கள்! யுத்தகளத்தில் பயன்படுத்திய நச்சு வாயுவை அவர்கள் தெரியாமலே சுவாசிக்கிறார்கள். அன்று பின்னேரமே அத்தைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டதாக அந்தப் பிள்ளை பிறகு என்னிடம் கூறினாள்.

யூரியாவைப் பற்றிப் பேசும்போது 2021ஆம் ஆண்டு தானாகவே வந்தது. அந்த வருடம் மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விவசாயிகளின் எதிர்ப்பினாலும் விளைச்சல் வீழ்ச்சியினாலும் நவம்பரில் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 250 மில்லியன் கிலோவாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு இந்தப் புள்ளிவிபரம் தேவைப்படவில்லை. "அம்மாவுக்குக் கிலோ வரல்ல, அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஒருத்தி சொன்னாள். நைதரசன் இல்லாவிட்டால் கொழுந்து விடாது என்ற பாடத்தை அவள் சம்பளத் துண்டில் படித்திருக்கிறாள்.

கெட்டம்பே கட்டடம்

கண்டியிலிருந்து பேராதனைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் கெட்டம்பேயைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இந்த நாட்டில் எந்தக் களைநாசினியை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதை ஒழுங்குபடுத்தும் அலுவலகம் அது. தினமும் அதைத் தாண்டிப் போகும் மாணவர் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவரை தெரியாது.

மூன்றாவது முறை நான் போனபோது ஆசிரியை இந்த அலுவலகத்தின் கதையைத்தான் எடுத்தார். இலங்கையில் தற்கொலை வீதம் 1950இலிருந்து எட்டு மடங்காக உயர்ந்து 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்துக்குப் போனது. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அதில் பெரும் பங்கு விவசாய நஞ்சுகளால் ஏற்பட்டது. பரத்தியோன் போன்றவை 1984இலும், எஞ்சியிருந்த மிகக் கொடிய நஞ்சுகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. 1996 முதல் 2005 வரையான பத்து ஆண்டுகளில், அதற்கு முந்திய பத்து ஆண்டுகளைவிட 19,769 தற்கொலைகள் குறைவாக நிகழ்ந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பின்னர் 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியனவும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. வீதம் மேலும் இறங்கியது.

பரகுவாட் என்றால் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. கிரமொக்சோன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது எப்படிக் களையைக் கொல்கிறது என்பதை ஆசிரியை ஒட்சியேற்றம், தாழ்த்தல் பாடத்தோடு இணைத்து விளக்கினார். ஒளித்தொகுப்பு நடக்கும் இடத்தில் அது ஓர் இலத்திரனைப் பிடுங்கி ஒட்சிசனிடம் கொடுக்கிறது. திரும்பப் போய் இன்னொன்றைப் பிடுங்குகிறது. இப்படி உருவாகும் தீய ஒட்சிசன் வடிவங்கள் கலத்தைச் சிதைக்கின்றன. மனிதனின் நுரையீரலிலும் இதே தாக்கம்தான். மாற்று மருந்தும் கிடையாது. ஆகவே, "கவனமாகப் பாவியுங்கள்" என்று லேபிளில் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தப் பொருளையே சந்தையிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, என் வேலையின் ஆரம்ப வருடங்களில் நான் போன மரண வீடுகள் நினைவுக்கு வந்தன. புருஷனோடு சண்டை, சீட்டுக்காசுக் கடன், காதல் தோல்வி என்று ஒரு கோபத்தில், ஒரு மணித்தியாலத்தில் எடுத்த முடிவுகள். பிழைத்திருந்தால் அடுத்த நாளே மனம் மாறியிருப்பார்கள். நஞ்சு கைக்கெட்டிய தூரத்தில் இல்லாவிட்டால், இருந்தாலும் உயிர் பறிக்கும் கொடிய நஞ்சாக இல்லாவிட்டால், மனிதருக்கு இரண்டாவது வாய்ப்பொன்று கிடைக்கிறது. துயரத்தைச் சட்டத்தால் போக்க முடியாது. குடியும் கடனும் அடிஉதையும் இன்னும் எங்கள் லயங்களில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கு வேறு வேலை தேவை. ஆனால் அந்த வேலையைச் செய்வதற்கு மனிதர் உயிரோடு இருக்க வேண்டுமே.

அம்மா பக்கமா, அப்பா பக்கமா?

அன்று வகுப்பில் ஒரு விவாதமும் நடந்தது. கிளைபொசேட் களைநாசினியை அரசாங்கம் 2015இல் தடைசெய்தது. வடமத்திய மாகாணத்தில் பரவும் சிறுநீரக நோய்க்கு அதுவே காரணம் என்ற சந்தேகம் அதற்குப் பின்னால் இருந்தது. அதே வருடம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையோ அவ்வாறு கருத இடமில்லை என்றது. சிறுநீரக நோய்க்கும் கிளைபொசேட்டுக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடை நீங்கியது.

தடை சரியா, பிழையா என்று ஆசிரியை கேட்டார்.

ஒரு பையன், "சரி டீச்சர். மருந்து டாங்கிய முதுகுல சுமக்கிறது எங்கப்பா. கையுறை குடுத்தாலும் வேர்க்குதுன்னு கழட்டிருவாரு. உடுப்போட வீட்டுக்கு வருவாரு" என்றான்.

நமது மாணவி எழும்பினாள். "இல்ல டீச்சர். மருந்து அடிக்காட்டி மலையெல்லாம் காடாயிருது. அந்தக் காட்டுக்குள்ள எறங்கிக் கொழுந்து எடுக்கிறது எங்கம்மா. அட்டை, குளவி, பாம்பு எல்லாம் இருக்கும். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க பொம்பளைங்கதான்."

இருவரும் சொன்னது உண்மை. ஆசிரியை எந்தப் பக்கமும் சாயவில்லை. கரும்பலகை ஓரத்திலிருந்த நான்காவது கேள்வியைக் காட்டினார். தடை போட்டபோதும் எடுத்தபோதும் அப்பாவிடம் கேட்டார்களா, அம்மாவிடம் கேட்டார்களா? கையால் களை பிடுங்க ஆள் போடலாமா, யார் சம்பளம் கொடுப்பது? வெயிலுக்கு ஏற்ற பாதுகாப்பு உடுப்பு ஏன் கிடைப்பதில்லை? மணி அடிக்கும் வரை பிள்ளைகள் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.

அந்தத் தவணைப் பரீட்சையில் வகுப்பின் புள்ளிகள் குறையவில்லை. ஆசிரியை முதலில் பயந்தது அதற்குத்தான். இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

சகோதரிகளே, நாங்கள் செய்யக்கூடியவை

இந்தப் பத்து நிமிடப் பாடம் எல்லாப் பாடசாலைகளுக்கும் வர நாளெடுக்கும். அதுவரை எங்கள் வீடுகளில் நாங்களே செய்யக்கூடிய சில விடயங்கள் உள்ளன.

மண்ணெண்ணெய், அமிலம், களைநாசினி எதையும் குடிபானப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள். அதனதன் சொந்தக் கலனிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள்.

மருந்துக் கேன்களைக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பாவிக்காதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. துளையிட்டு, மீண்டும் பாவிக்க முடியாதபடி செய்துவிடுங்கள்.

மருந்து அடித்த உடுப்பை வீட்டு உடுப்புகளோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். துவைப்பவர் நீங்கள், அந்த நஞ்சு உங்கள் கையிலும் படும்.

வெண்மையாக்கும் திரவத்தோடு மலசலகூட அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். கழுவும்போது கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

யாராவது மண்ணெண்ணெயையோ அமிலத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எந்த நஞ்சானாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடித்த போத்தலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எதைக் குடித்தார் என்று தெரிந்தால்தான் வைத்தியர் சரியான சிகிச்சையைத் தொடங்கலாம்.

வீட்டில் ஒருவர் மனமுடைந்து இருந்தால் நஞ்சுப் பொருட்களை வீட்டைவிட்டே அகற்றுங்கள். அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் இருந்து பேச விடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் உதவி பெறலாம்.

பிள்ளை உயர்தரத்தில் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். "உனக்கு எத்தனை மார்க்ஸ்?" என்று மட்டும் கேட்காமல், "இன்றைக்குப் படித்தது எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.

அண்மையில் அந்தத் தோட்டத்துக்கு மீண்டும் போயிருந்தேன். தம்பி வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். அடுப்படியில் சோடாப் போத்தல் இல்லை. மேல் தட்டில், இறுக்கமான மூடி போட்ட கலனொன்றில், கொப்பித் தாளை வெட்டி ஒட்டி 'மண்ணெண்ணெய் – குடிக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத அப்பாயிக்காகப் பக்கத்தில் சிவப்பு மையால் பெரிய புள்ளடியும் போட்டிருந்தாள். லயத்திலுள்ள மற்ற வீடுகளுக்கும் அவளே ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"எங்கம்மா இப்ப ராத்திரியில என் புத்தகத்தப் பொரட்டிப் பாக்குறாங்க மிஸ்" என்றாள். "இதுல இன்னும் நம்ம வீட்டுல இருக்கிறது என்னென்ன இருக்குன்னு கேக்குறாங்க. நானும் ஒவ்வொண்ணாப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."